இரண்டு கண் மதகு

இரவு முழுக்கப் படுதாவுக்கடியில் கிடந்த நெல்லுக்குக்
காலையில் ஒரு எண் வேண்டும்.
எண் சொல்லும் கருவி என் மேசையில்.
கைப்பிடி மணியைப் போட்டுத் திருகினால்
நசுக்கித்தான் சொல்லும்.
பதினேழு என்றால் சாக்கு.
பத்தொன்பது என்றால் திரும்பவும் களம்.

கொரடாச்சேரிக்குத் தெற்கே
வெட்டாற்றங்கரைக் கொள்முதல் நிலையத்தில்
பருவகாலப் பட்டியல் எழுத்தர் நான்.
படித்தது இயற்பியல்.
அடங்கல் நகல்களுக்கு அடியில் ஒரு நோட்டு.
எலக்ட்ரானை எவருக்கும் புரியும்படி
எழுதப் பார்க்கிறேன் அதில்,
நாலு தை மாதமாக.

முதல் பக்கம் இப்படித் தொடங்கியது:
கருவி எண் சொல்லும்வரை
படுதாவுக்கடியில் நெல்
காய்ந்தும் காயாமலும் இருக்கிறது.
இரண்டு தடவை வாசித்துப் பார்த்துக்கொண்டேன்,
அவ்வளவு பிடித்திருந்தது.

தையல்நாயகிதான் அதை அடித்துவிட்டார்.
நோட்டு இருப்பதே அவருக்குத் தெரியாது.
பதினெட்டரை என்றேன்.
ஒரு மணியை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடித்தார்.
சத்தமில்லை.
"நேத்து ராத்திரி பனி எறங்குனப்பவே தெரியும்மா.
ஒம் மிசினுக்கு இப்பதான் தெரியுது."

சரிதான்.
நெல்லின் ஈரம் நெல்லிடம் இருந்தது.
எனக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவே.
எலக்ட்ரானிடம் அப்படி ஒன்று
முன்கூட்டியே இல்லை என்கிறார்கள் சிலர்.
இருந்தது, மறைந்திருந்தது என்கிறார்கள் வேறு சிலர்;
அதற்கு அவர்கள் கொடுக்கும் விலை
இங்கே தொட்டால் அங்கே அதிர்கிற ஓர் உலகம்.
நோட்டில் 'சிலர்' என்ற சொல்லை மட்டும்
அடிக்கோடிட்டு வைத்தேன்.

மதகின் திறப்புக்கு நம்மூரில் கண் என்று பெயர்.
பார்க்காத கண்.
சாயங்காலம் பக்கிரிசாமி பலகையைத் தூக்க
இரண்டு கண்ணிலும் தண்ணீர் வந்தது.
இந்த அலையும் அந்த அலையும் மோதி
ஓரிடம் எழும்பியது, பக்கத்திலேயே ஓரிடம்
ஒன்றும் நடவாததுபோல் கிடந்தது.
இதில் புதிரில்லை. தண்ணீர் பலபேர்.

ஆனால் ராத்திரிக்கு ஒரே ஒரு மணி என்று விடுகிறோம்.
ஒரு மணி, ஒரு புள்ளி, அந்தக் கரையில்.
மறுநாள் இன்னொன்று.
ஆயிரம் ராத்திரி கழித்து டார்ச் அடித்தால்
கரையெங்கும் வரிவரியாய் நெல்,
நடுநடுவே வெறும் மண்.
தனியாகப் போனதே,
எதோடு மோதியது?
எந்தக் கண் வழி என்று பார்க்க
கண்ணுக்கொரு காவல் வைத்தாலோ
வரி அழிந்து
வெறும் இரண்டு குவியல்.

நெல் இப்படிச் செய்யாது.
எழுதிவிட்டு அதையும் எழுதினேன்:
நெல் இப்படிச் செய்யாது.

மூட்டை தூக்கும் இருதயசாமி
டீ ஆறுவதற்குள் கேட்டார், என்னதான் எழுதுகிறாய் என்று.
நடக்கக்கூடியது எல்லாமே நடக்கிறது,
உலகம்தான் கிளை பிரிகிறது,
இப்படியும் ஒரு கட்சி உண்டு என்றேன்.
"அங்கயும் மூட்டை நாந்தான் தூக்குறனா?"
ஆமாம்.
"அப்ப கூலி?"
அந்தக் கட்சியைப் பற்றி
இதைவிட நல்ல கேள்வி நான் படித்ததில்லை.

"லாரி நிக்குது, பட்டியலைப் போடுங்க"
என்றார் கண்காணிப்பாளர்.
அதுவும் ஒரு கட்சி.
அதில்தான் ஆள் அதிகம்.

இன்று வெயில் நன்றாக அடித்தது.
தையல்நாயகியின் நெல் பதினாறே முக்கால்.
ஐம்பத்திரண்டு சிப்பம் ஏறியது.
நசுங்கிய கைப்பிடியைத் தட்டிலிருந்து கொட்டினேன்,
மைனாக்கள் வந்தன.
அந்த எண் அந்தக் கைப்பிடியுடையது.
சாக்கில் போன ஒரு மணியைக்கூட
நான் அளக்கவில்லை.